கோஆக்ஸ் கேபிளை எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது?

டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் பேப்பரை முடித்த எல்லாருக்கும் ஸ்மித் சார்ட்டில் வட்டம் சுற்றத் தெரியும். லைனின் நீளம் மாறினால் இம்பீடன்ஸ் மாறும், ஆனால் எஸ்.டபிள்யூ.ஆர் மாறாது. 2 மார்க் கேள்வி, எழுதிவிட்டு வந்துவிடுவோம். அப்புறம் ஹாம் ரேடியோ கிளப் பக்கம் போனால், கையில் கட்டரோடு ஒரு சீனியர் நிற்பார். "எஸ்.டபிள்யூ.ஆர் இறங்கலையா? கேபிள்ல ஒரு சாண் வெட்டுப்பா, தானா இறங்கும்" என்பார். வெட்டிப் பார்த்தால் சில நேரம் மீட்டர் முள் நிஜமாகவே இறங்கும். அப்போ புத்தகம் தப்பா, சீனியர் தப்பா?

இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் வேண்டுமென்றால் ரிப்பீட்டரைத்தான் பார்க்கணும். ஒரு ரிப்பீட்டரில் கோஆக்ஸ் கேபிள் மூன்று இடங்களில் வேலை செய்கிறது: ஆன்டெனாவுக்கு ஏறும் நீளமான கேபிள், டூப்ளெக்சர் கேவிட்டிகளை இணைக்கும் குட்டிக் கேபிள்கள், டிரான்ஸ்மிட்டரிலிருந்து டூப்ளெக்சருக்குப் போகும் கேபிள். மூன்றும் பார்க்க ஒரே மாதிரி கறுப்பு ஒயர்தான். ஆனால் "நீளம்" என்ற சொல்லுக்கு மூன்று இடத்திலும் மூன்று அர்த்தம். இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி ரிப்பீட்டர்கள் சரியாகக் காது கேட்காமல் நிற்கின்றன என்பது என் கருத்து.

ஒரே கோபுரத்தில் வாயும் காதும்

ரிப்பீட்டர் என்பது ஒரு அலைவரிசையில் கேட்டதை, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பிச் சொல்லும் பெட்டி. 2 மீட்டர் பேண்டில் இரண்டுக்கும் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். உதாரணத்துக்கு 145.000 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது, 145.600-இல் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே ஆன்டெனாதான்.

இப்போ கணக்குப் போடுங்க. டிரான்ஸ்மிட்டர் 25 வாட், அதாவது 44 டி.பி.எம். ரிசீவர் கேட்க வேண்டிய சிக்னல் 0.2 மைக்ரோவோல்ட், 50 ஓமில் அது மைனஸ் 121 டி.பி.எம். இரண்டுக்கும் வித்தியாசம் 165 டி.பி. மடங்காகச் சொன்னால் ஏறத்தாழ 300 கோடி கோடி. காதுக்குள்ளேயே லவுட்ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, தெருக்கோடியில் ஒருத்தர் கிசுகிசுப்பதைக் கேள் என்று சொல்வது மாதிரி.

இதில் பிரச்சினை இரண்டு. ஒன்று, 145.600-இன் முழு பலமும் ரிசீவரின் முன்பகுதிக்குள் புகுந்து அதைத் திணறடிப்பது. இரண்டாவது கொஞ்சம் சூட்சுமமானது. எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் அலைவரிசையில் மட்டும் பேசுவதில்லை, சுற்றிலும் மெல்லிய இரைச்சலையும் பரப்புகிறது. அந்த இரைச்சலில் ஒரு பகுதி 145.000-இலேயே விழும். ரிசீவருக்குள் எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும் அதை நீக்க முடியாது, ஏனென்றால் அது வந்து விழுவதே கேட்க வேண்டிய சேனலில்தான். அதனால் டிரான்ஸ்மிட்டர் பக்கத்திலேயே 145.000-ஐ அடக்க வேண்டும், ரிசீவர் பக்கத்தில் 145.600-ஐ அடக்க வேண்டும். டூப்ளெக்சர் செய்வது இந்த இரண்டு வேலையைத்தான். ரிசீவரின் சொந்தத் திறமை போக, 80 டி.பி.க்கு மேல் டூப்ளெக்சர் கொடுத்தாக வேண்டும்.

கொடுக்கவில்லை என்றால் ரிப்பீட்டர் பேச ஆரம்பித்ததும் அதன் காது மந்தமாகும். இதற்கு டீசென்ஸ் என்று பெயர். 10 டி.பி. டீசென்ஸ் என்றால், ஓரத்துக் கிராமத்திலிருந்து 5 வாட் கைக்கருவியில் கூப்பிடுகிறவர் 0.5 வாட்டில் கூப்பிடுவதற்குச் சமம். சாதாரண நாளில் "உங்க சிக்னல் வெட்டி வெட்டி வருது" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். புயலில் செல்போன் டவர்கள் சாய்ந்த நாளில் அப்படிச் சொல்ல முடியாது.

ஆன்டெனாவுக்கு ஏறும் கேபிள்

முதலில் சீனியரின் கட்டரைப் பார்த்துவிடுவோம். ஆன்டெனா 50 ஓமாக இருந்தால், 50 ஓம் கேபிள் எத்தனை மீட்டர் இருந்தாலும் கீழே தெரிவது 50 ஓம். நீளத்தால் மாறுவது இழப்பு மட்டும்தான். ஆன்டெனா 50 ஓமாக இல்லை என்றால், கேபிளை வெட்ட வெட்ட ஸ்மித் சார்ட்டில் அதே வட்டத்தில் சுற்றுவோம். மையத்திலிருந்து தூரம் மாறாது, எனவே எஸ்.டபிள்யூ.ஆரும் மாறக் கூடாது.

அப்புறம் ஏன் முள் இறங்குகிறது? மலிவான மீட்டர் சரியாக 50 ஓமுக்கு அளவுத்திருத்தம் செய்யப்படாமல் இருக்கலாம். அதைவிட அதிகம் நடப்பது, கேபிளின் வெளிப் பின்னலின் மேல்பரப்பில் கரண்ட் ஓடுவது. கோஆக்ஸுக்குள் பின்னலின் உட்புறம் ஒரு கடத்தி, வெளிப்புறம் தனியாக இன்னொரு கடத்தி என்று நினைத்துக்கொள்ளுங்க. ஆன்டெனா இணைப்பு சரியில்லை என்றால் வெளிப்புறமும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிடும். அப்போ கேபிளை வெட்டுவது ஆன்டெனாவையே வெட்டுவதுதான், ரீடிங் மாறாமல் என்ன செய்யும்? இதற்கு மருந்து கட்டர் இல்லை. ஆன்டெனா இணைப்பின் அருகே கேபிளின் மேல் ஃபெரைட் மணிகளைக் கோத்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் ரீடிங் சரியில்லை என்றால் சரிசெய்ய வேண்டியது ஆன்டெனாவை.

இன்னொரு ஏமாற்று வேலை உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் மிக ஆபத்தானது. கேபிளின் இழப்பு எஸ்.டபிள்யூ.ஆரை அழகாகக் காட்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எளிதாகக் கிடைக்கும் மெல்லிய ஆர்.ஜி-58 கேபிள், 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டருக்கு ஏறத்தாழ 6 டி.பி. தின்றுவிடும். அதன் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லை, காற்றில் முறிந்து விழுந்துவிட்டது என்று வையுங்க. போன சிக்னல் 6 டி.பி. இழந்து, முனையில் முழுசாகத் திரும்பி, வரும்போது இன்னொரு 6 டி.பி. இழக்கும். கீழே மீட்டருக்குத் தெரியும் ரிட்டர்ன் லாஸ் 12 டி.பி. எஸ்.டபிள்யூ.ஆராக மாற்றினால் 1.7. "பரவாயில்லையே, ரெண்டுக்குக் கீழதானே இருக்கு" என்று வீட்டுக்குப் போய்விடலாம். மேலே ஆன்டெனாவே இல்லை!

நல்ல ஆன்டெனா இருந்தாலும் அந்தக் கேபிளில் 25 வாட் அனுப்பினால் மேலே போய்ச் சேருவது 6 வாட்டுக்குக் கொஞ்சம் அதிகம். அதே 30 மீட்டருக்கு ஆர்.ஜி-213 போட்டால் சுமார் 13 வாட், அரை அங்குல ஹீலியாக்ஸ் போட்டால் 20 வாட்டுக்கு மேல். வரும் சிக்னலுக்கும் இதே கதிதான் என்பதை மறந்துவிடாதீங்க.

"ஆன்டெனா கேபிளை அரை அலைநீளத்தின் மடங்காக வெட்டணும்" என்ற விதியும் கேள்விப்பட்டிருப்பீங்க. அரை அலைநீளத்துக்கு ஒருமுறை இம்பீடன்ஸ் திரும்ப வரும் என்பது உண்மைதான். ஆனால் 30 மீட்டர் ஆர்.ஜி-213-க்குள் 44 அரை அலைகள் அடங்கும். 145.000-க்குச் சரியாக வெட்டினால், 145.600-இல் 33 டிகிரி தள்ளிப்போய் நிற்கும். ரிப்பீட்டரில் அதே கேபிளில் இரண்டு அலைவரிசையும் ஓடுகின்றன, எதற்கென்று வெட்டுவது? இந்தக் கேபிளுக்கு நீளம் என்றால் "எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது", அவ்ளோதான்.

30 + 30 = 66

இப்போ டூப்ளெக்சருக்கு வருவோம். இங்கே நீளம் நிஜமாகவே டியூனிங்தான்.

ஒரு நாட்ச் கேவிட்டியை எடுத்துக்கொள்வோம். செம்பு அல்லது அலுமினியக் குடுவை, உள்ளே நீளத்தை மாற்றக்கூடிய ஒரு தண்டு. டீ கனெக்டர் வழியாக லைனில் தொங்கவிடுகிறோம். நாட்ச் அலைவரிசையில் மட்டும் அது டீயின் இடத்தில் ஏறத்தாழ ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். எவ்வளவு ஷார்ட்? 50 ஓம் லைனில் 30 டி.பி. அடக்க வேண்டுமென்றால் சுமார் 0.8 ஓம்.

ஒரு கேவிட்டி 30 டி.பி. என்றால் இரண்டு கேவிட்டி எவ்வளவு? 60 என்று சொல்லத் தோன்றும். இரண்டு டீயையும் ஒட்டி வைத்துப் பாருங்க. 0.8 ஓமும் 0.8 ஓமும் இணையாக, 0.4 ஓம். ஷார்ட்டை ஏற்கெனவே போட்டாச்சு, அதை இன்னும் பாதியாக்கினால் கிடைப்பது கூடுதலாக 6 டி.பி. மட்டும். ஆக மொத்தம் 36. இரண்டாவது கேவிட்டிக்குக் கொடுத்த காசு பெரும்பாலும் வீண்.

இரண்டுக்கும் நடுவில் கால் அலைநீளக் கேபிள் வைத்தால் கதையே வேறு. கால் அலைநீள லைன் இம்பீடன்ஸைத் தலைகீழாக்கும்: 50-இன் வர்க்கத்தை 0.8-ஆல் வகுத்தால் 3,000 ஓமுக்கு மேல். அதாவது இரண்டாவது கேவிட்டியின் பார்வையில், சிக்னல் 3,000 ஓம் மூலத்திலிருந்து வருகிறது. 50 ஓம் மூலத்தின் குறுக்கே 0.8 ஓம் வைப்பதைவிட, 3,000 ஓம் மூலத்தின் குறுக்கே 0.8 ஓம் வைத்தால் எவ்வளவு அதிகமாக அடங்கும்! ஏ.பி.சி.டி மேட்ரிக்ஸ் போட்டுப் பாருங்க, விடை 66 டி.பி. வரும். 30-உம் 30-உம் சேர்ந்து 60 ஆகி, மேலே 6 டி.பி. இனாமும் கிடைக்கிறது.

இங்கேதான் "ஒரு சாண் அப்படி இப்படி இருந்தா என்ன" என்ற பேச்சு கழுத்தறுக்கும். கேவிட்டிகளை ரேக்கில் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, எட்டவில்லை என்பதற்காகக் கேபிளை இரட்டிப்பு நீளமாக்கினால் அது அரை அலைநீளம் ஆகிவிடும். அரை அலை இம்பீடன்ஸை அப்படியே திருப்பித் தருவதால் இரண்டு டீயும் ஒட்டி இருப்பதற்குச் சமம். 66-லிருந்து 36. ஒரு திருகைக்கூடத் தொடாமல் 30 டி.பி. போச்சு. நீளம் வேண்டுமென்றால் மும்மடங்கு, அதாவது முக்கால் அலைநீளம் போட வேண்டும்.

ஆன்டெனா டீயிலும் இதே தந்திரம்தான். டிரான்ஸ்மிட்டரிலிருந்து 145.600 ஆன்டெனா டீக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு கிளை ரிசீவர் பக்கக் கேவிட்டிக்குப் போகிறது, அந்தக் கேவிட்டி 145.600-க்கு ஷார்ட். நடுவில் கால் அலைக் கேபிள் இருந்தால், டீயிலிருந்து பார்க்கும்போது அந்தக் கிளை ஓப்பனாகத் தெரியும். கிளையே இல்லாத மாதிரி சிக்னல் நேராக ஆன்டெனாவுக்குப் போகும். அரை அலைக் கேபிள் இருந்தால் டீயிலேயே ஷார்ட், ஆன்டெனாவுக்கு ஒன்றும் போகாது.

வெட்டும்போது

கணக்கு எளிது. 7,500-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் காற்றில் கால் அலைநீளம் செ.மீ.யில் வரும். 145.3-க்கு 51.6 செ.மீ. கேபிளுக்குள் அலை மெதுவாகப் போவதால் வேகக் காரணியால் பெருக்க வேண்டும். திட பாலிஎத்திலீன் உள்ள ஆர்.ஜி-213, ஆர்.ஜி-214-க்கு 0.66, எனவே 34 செ.மீ. டெஃப்லான் உள்ள ஆர்.ஜி-142, ஆர்.ஜி-400-க்கு சுமார் 0.69. நுரை பாலிஎத்திலீன் கேபிள்களில் 0.8-க்கு மேலும் போகும். இந்த 34 செ.மீ. டீயின் நடுவிலிருந்து அடுத்த டீயின் நடு வரை உள்ள தூரம். கனெக்டர்களும் டீயின் கைகளும் அதில் சில செ.மீ.யைத் தின்றுவிடும், வெட்ட வேண்டிய கேபிள் அந்த அளவுக்குக் குட்டையாக இருக்கும். வெறும் கேபிளை 34 செ.மீ. வெட்டிவிட்டு இரண்டு பக்கமும் கனெக்டர் போட்டால் அது கால் அலையைத் தாண்டிவிடும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? சிலர் மில்லிமீட்டர் கணக்கில் கவலைப்படுவாங்க. அடக்கும் அளவு நீளத்தின் சைன் மதிப்பைப் பொறுத்தது, 90 டிகிரியில் சைன் வளைவின் உச்சி தட்டையானது. 90-க்குப் பதில் 70 டிகிரி ஆனாலும் இழப்பது அரை டி.பி.தான். 45 டிகிரியில்கூட 3 டி.பி. ஆபத்து இருப்பது அரை அலைக்கு அருகில்: 175 டிகிரியில் 66 டி.பி. 45 ஆகச் சரிந்துவிடும். அதனால் ஒரு செ.மீ. தவறினால் நாட்ச் கெடாது. தவறான நீளம் முதலில் கெடுப்பது பாஸ் பக்கத்தை. 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளிக் கேவிட்டி முழுசாக மறைந்துவிடுவதில்லை, கொஞ்சம் ரியாக்டன்ஸ் மிச்சம் இருக்கும். இரண்டு கேவிட்டிகளின் மிச்சமும் ஒன்றையொன்று எப்படிச் சந்திக்கின்றன என்பதைக் கேபிள்தான் தீர்மானிக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த கேபிள் உங்கள் கால் அலைக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்றால் இதுவே காரணமாக இருக்கலாம். மாற்ற வேண்டிவந்தால் அதே வகைக் கேபிளில் அதே நீளம் போடுங்க, சொந்தக் கணக்கு வேண்டாம்.

நீளத்தைவிட அதிகமாகக் காலை வாருவது கேபிளின் கவசம். 80, 90 டி.பி. பிரிக்க வேண்டிய இடத்தில் ஒற்றைப் பின்னல் ஆர்.ஜி-58 போட்டால், சிக்னல் கேவிட்டிக்குள் போகாமலேயே பின்னலின் ஓட்டைகள் வழியாக ஒரு கேபிளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். எவ்வளவு டியூன் செய்தாலும் நாட்ச் ஒரு அளவுக்குக் கீழே இறங்காது. இரட்டைப் பின்னலும் வெள்ளிப் பூச்சும் உள்ள ஆர்.ஜி-214, ஆர்.ஜி-142, ஆர்.ஜி-400 இதற்காகத்தான். இன்னொரு எச்சரிக்கை எல்.எம்.ஆர்-400 மாதிரிக் கேபிள்களுக்கு. அலுமினியத் தாளும் அதன் மேல் ஈயம் பூசிய செம்புப் பின்னலும் உரசிக்கொண்டிருப்பதால், ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்கவும் செய்யும் லைனில் அவை காலப்போக்கில் கரகரவென்று இரைச்சல் கிளப்பும். வீட்டு ஸ்டேஷனுக்கு அருமையான கேபிள், ரிப்பீட்டருக்கு வேண்டாம்.

டிரான்ஸ்மிட்டருக்கும் டூப்ளெக்சருக்கும் நடுவில்

மூன்றாவது கேபிள்தான் புத்தகத்தில் இல்லாத கேபிள். டூப்ளெக்சர் 145.600-இல் மட்டுமே 50 ஓம். மற்ற அலைவரிசைகளில் அது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திருப்பி அனுப்பும். டிரான்ஸ்மிட்டரின் பவர் ஆம்ப்ளிஃபயர் இந்த விநோதமான லோடைக் கேபிளின் நீளத்தின் வழியாகப் பார்க்கிறது. ஒரு நீளத்தில் அமைதியாக இருக்கும், இன்னொரு நீளத்தில் தானாக ஊசலாடி, கேட்காத அலைவரிசைகளில் எல்லாம் சிக்னல் துப்பும். அதனால்தான் இங்கே கேபிளை மாற்றினால் பவரும் ரிசீவரின் இரைச்சலும் மாறுகின்றன. சீனியர் சொன்னது உண்மையாகும் இடம் இது.

அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு வீதம் கேபிளைக் கூட்டிப் பார்த்து, பவர் நன்றாகவும் சப்ளை கரண்ட் குறைவாகவும் இருக்கும் நீளத்தில் நிறுத்துவது பழைய வழக்கம். வேலை செய்யும், ஆனால் வெயில் ஏறினால் அல்லது ஆம்ப்ளிஃபயரை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. முறையான தீர்வு ஐசோலேட்டர். மூன்று முனை சர்குலேட்டரின் மூன்றாவது முனையில் 50 ஓம் லோடை வைத்துவிட்டால், திரும்பி வருவதெல்லாம் அந்த லோடுக்குள் போய்ச் சூடாகிவிடும். ஆம்ப்ளிஃபயர் எப்போதும் 50 ஓமையே பார்க்கும். ஐசோலேட்டரில் இருக்கும் ஃபெரைட் ஹார்மோனிக்குகளை உண்டாக்கும் என்பதால் அதற்குப் பின்னால் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் வேண்டும். கேவிட்டி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீங்க, கால் அலைக் கேவிட்டி மூன்றாவது ஹார்மோனிக்கிலும் ஒத்ததிரும்.

எந்த வரிசையில் பார்ப்பது

இன்று நானோ வி.என்.ஏ கையில் இருக்கும் மாணவர்களுக்கு இதெல்லாம் எட்டாத வேலை இல்லை. உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருக்கணும், டிரான்ஸ்மிட்டர் அணைந்திருக்கணும், அவ்வளவுதான். கால் அலைக் கேபிளைச் சோதிக்க ஒரு முனையை வி.என்.ஏ-வில் சொருகி, மறுமுனையைத் திறந்தே விடுங்க. கால் அலையாகும் அலைவரிசையில் அது ஷார்ட்டாகத் தெரியும், புள்ளி ஸ்மித் சார்ட்டின் இடது ஓரத்துக்குப் போகும். கேபிளின் வேகக் காரணியை அச்சடித்த எண்ணிலிருந்து எடுக்காமல் இப்படி அளந்தே எடுத்துவிடலாம். ஒரு குறை: அந்தக் கருவி இந்த பேண்டில் சுமார் 70 டி.பி. வரைதான் பார்க்கும். தனித்தனிக் கேவிட்டியை டியூன் செய்யப் போதும், முழு டூப்ளெக்சரின் 90 டி.பி.யை அதில் தேடினால் கருவியின் சொந்த இரைச்சல்தான் தெரியும்.

ஆன்டெனாவைத் தனியாக, முடிந்தால் கோபுரத்தின் மேலேயே அளக்கணும். டூப்ளெக்சரை 50 ஓம் டம்மி லோடுக்கு எதிராக டியூன் செய்யணும், ஆன்டெனாவோடு சேர்த்து அல்ல. இரண்டும் தனித்தனியாகச் சரியான பிறகே இணைப்பது. ஆன்டெனாவின் குறையை மறைக்கக் கேவிட்டியைத் திருகினால் பவர் மீட்டர் சிரிக்கும், நாட்ச் அழும்.

கடைசிச் சோதனைக்கு வி.என்.ஏ வேண்டாம், காது போதும். டூப்ளெக்சரின் ஆன்டெனா முனையில் டம்மி லோடை வைத்து, ஒரு கப்ளர் வழியாக 145.000-இல் மிக மெல்லிய சிக்னலை உள்ளே விடுங்க, இரைச்சலோடு சேர்ந்து தட்டுத்தடுமாறிக் கேட்கும் அளவுக்கு. ரிசீவரைக் கேட்டுக்கொண்டே டிரான்ஸ்மிட்டரைப் போட்டு அணைத்துப் பாருங்க. போடும்போது இரைச்சல் கூடினால் குற்றவாளி அறைக்குள்ளேயே இருக்கிறது: நாட்ச், கேபிளின் கவசம் அல்லது ஆம்ப்ளிஃபயர். கூடவில்லை என்றால் டம்மி லோடைக் கழற்றி ஆன்டெனாவை மாட்டி அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்க. இப்போ மட்டும் இரைச்சல் வந்தால் டூப்ளெக்சரைத் தொடவே வேண்டாம். தண்ணீர் இறங்கிய கனெக்டர், துருப்பிடித்த கிளாம்ப், கோபுரத்தில் தளர்ந்து உரசும் இரும்பு, ஆன்டெனாவுக்குள் விட்டுப்போன சால்டர் என்று தேட வேண்டியதெல்லாம் மேலே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஏறிப் பார்த்து, கனெக்டர்களைத் திறந்து உலர்த்தி, சுயமாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றிவிடுங்க, ஓட்டுக்கூரை மாதிரி மேல் மடிப்பு கீழ் மடிப்பின் மேல் விழும்படி.